கொடி பறந்தால் துரை உள்ளே

கோப்பன்ஹேகன் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் பட்டவை கொடிகள். வருகிறவர்களைக் கூட்டிப்போக நின்றவர்கள் கையில் ஆளுக்கொரு சின்னச் சிவப்புக் கொடி, அதிலே வெள்ளைச் சிலுவை. மகனைக் கண்ட தாய் ஒருத்தி கொடியை ஆட்டிக்கொண்டே அழுதாள். எங்கள் ஊரில் இப்படி நின்றால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். இங்கே பிறந்தநாள் கேக்கில்கூடக் கொடி குத்துவார்களாம். எனக்குக் கொடி பிடிக்க எவரும் இல்லை. பள்ளித் தோழன் பாலன் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றான். "வந்திட்டியோ" என்றான். முப்பது வருடமாக டென்மார்க்கில் இருப்பவனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் லண்டனில் இருபத்தைந்து வருடம் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக நின்று தேய்ந்தவன். ஓய்வெடுத்த பிறகு சும்மா இருந்திருக்கலாம். ஹெலன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தன் தகப்பனின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறார், அதில் இலங்கை சம்பந்தப்பட்ட பகுதிக்கு உதவி வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன். தகப்பன் போர்வீரராக இருந்து, பாராளுமன்றத்துக்குப் போய், பிறகு கொழும்பில் தூதராக இருந்தவர். பெயரையும் வருடத்தையும் சொல்ல மாட்டேன். புத்தகம் இன்னும் வெளிவரவில்லை, மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கர்னல் என்றே வைத்துக்கொள்வோம். போன இலையுதிர் காலத்தில் தொண்ணூறு தாண்டிப் போய்ச் சேர்ந்தார்.

கர்னலுக்குக் கொழும்பில் கார் ஓட்டியவர் அருளப்பு, மன்னார்க்காரர். இப்போது டென்மார்க்கில் வைலே நகரத்தில் இருக்கிறார். கலவர நாளொன்றில் கர்னல் தன் காரில் போய் அருளப்புவின் மனைவியையும் கைக்குழந்தையையும் காப்பாற்றினார் என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. புத்தகத்தின் உச்சமே அதுதான். "இதில் எழுதியிருப்பது உண்மை" என்று அருளப்பு ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். பதிப்பாளர் கேட்கிறார். கடிதம் போட்டும் பதில் இல்லாததால் என்னை நேரே அனுப்பினார்கள்.

ஹெலன் ஒரு சின்னப் பொதியும் தந்துவிட்டார். கறுப்புத் தோலில் தைத்த ஒடுக்கமான பை. ஒரு முழத்துக்குக் குறைவு, ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் வார். கர்னலின் மேசையில் பதக்கங்கள் இருந்த லாச்சியில் கிடந்ததாம், அருளப்புவின் பெயர் எழுதிய அட்டையோடு. குழல் வைக்கிற உறையோ, பொம்மைக்குக் குடை உறையோ என்று இருவரும் யோசித்துவிட்டுப் பேசாமல் பழுப்புத் தாளில் சுற்றினோம். கையெழுத்து வாங்குமுன் பரிசு கொடுத்தால் சாட்சிக்கு லஞ்சம் கொடுத்த மாதிரி. நீதிமன்றப் பழக்கம், விடுமா? கையெழுத்துக்குப் பிறகுதான் பொதி என்று மனதுக்குள் சட்டம் போட்டுக்கொண்டேன். அந்தச் சட்டத்தால் ஒரு மனிதரை ஒரு நாள் முழுக்க வதைத்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் நகரத்துக்கு வெளியே, இஷொய் என்ற இடத்தில், பாலன் வீட்டில். நீளமான அடுக்குமாடி வரிசைகள். மின்தூக்கிக்குள் துருக்கியும் அரபும் தமிழும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. பாலனின் மனைவி கறுத்தப் பாணில் வெண்ணெய் பூசி, மேலே கட்டைச் சம்பலை வைத்துத் தந்தார். கல் மாதிரிப் பாண், அதற்குள் விதை வேறு. மூன்றாவது துண்டு கேட்டு வாங்கினேன். ஜூன் மாதம், மாலை ஒன்பது மணிக்கும் வெயில் போகிற யோசனையே இல்லாமல் நின்றது. பலகணியில் உட்கார்ந்து புத்தகத்தின் முதல் பகுதியைப் படித்தேன்.

கர்னல் பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தவர். மலாயாக் காட்டில் இருந்தபோது ஒரு காவல்காரன் தூங்கிவிட்டான். அவனைத் தண்டிக்க வேண்டிய கர்னல், தன்மீதே முறைப்பாடு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாராம். இரண்டு இரவு தூங்காதவனைக் காவலுக்கு நிறுத்தியது என் பிழை என்று. பதவி உயர்வு தள்ளிப்போனது. பாலன் இதைக் கேட்டுவிட்டு, "இவர் பெண்சாதி பாவம்" என்றான்.

அடுத்த நாள் காலை பிரெடெரிசியாவுக்கு ரயில். அருளப்புவின் மகள் வயலற் அங்கே இருக்கிறாள், முதியோர் இல்லத்தில் தாதி. என்னோடு தொலைபேசியில் பேசி எல்லாம் ஒழுங்கு செய்தவள் அவள்தான். பாலனின் மனைவி கட்டித் தந்த மீன் ரோல்களோடு ஏறி உட்கார்ந்தேன். ஹெலன் அழைத்தார். ரயிலில் ஏறிவிட்டேன், வெயில் எறிக்கிறது, பாண் நன்றாக இருந்தது என்று விலாவாரியாகச் சொன்னேன். பெட்டி முழுக்க என்னையே பார்த்தது. எதிரே இருந்த கிழவர் ஒன்றும் சொல்லாமல் என் தலைக்கு மேல் இருந்த படத்தை விரலால் காட்டினார். வாயில் விரல் வைத்த முகம். பேசக் கூடாத பெட்டியாம். பேசிப் பேசியே பிழைத்த ஒருவனை இந்தத் தேசம் இப்படித் தண்டித்தது.

வாயை மூடிக்கொண்டு இரண்டாம் பகுதியைப் படித்தேன். படையை விட்டுவிட்டுக் கர்னல் தேர்தலில் நின்றார். ஆலை ஒன்றை நம்பி வாழ்கிற சின்ன ஊர். ஒருமுறை வென்றார். அடுத்த தேர்தலுக்கு முன் ஆலையை மூடப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. வாக்குப் பெட்டி எண்ணி முடியும்வரை வாய் திறக்க வேண்டாம் என்று கட்சி சொன்னது. இவர் மேடையில் ஏறி, ஆலை மூடப்படும், வேறு வேலை தேடுங்கள் என்றார். தோற்றார். பார்த்துக்கொண்டிருந்த கட்சி, ஆறுதலுக்கு ஒரு தூதர் பதவியைக் கொடுத்து ஏழு கடல் தாண்டி அனுப்பிவிட்டது. எங்கள் தேர்தல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது மூளைப் பிசகாகத்தான் பட்டது. ஆனாலும் மனிதர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. புத்தகத்துக்கு ஹெலன் யோசித்து வைத்திருந்த தலைப்பு "பொய் சொல்லாதவர்".

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்துக் கேட்டேன். பிரெடெரிசியாவில் ரயில் இரண்டாகப் பிரியும், சரியான பெட்டியில் இருக்க வேண்டும் என்று அவளும் கிசுகிசுத்தாள். எனக்குப் பதற்றம் தொற்றியது. ஓடென்சேயில் ரயில் நின்றதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, முன்பெட்டிக்கு ஓடினேன். கதவுகள் மூடின, ரயில் போய்விட்டது. மேடையில் நின்று மூச்சு வாங்கியபோதுதான் உறைத்தது. நான் இறங்கப்போகிறதே பிரெடெரிசியாவில். அங்கே அது இரண்டாகப் பிரிந்தால் என்ன, பத்தாகப் பிரிந்தால் என்ன! சும்மா இருந்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பேன். இருக்கையில் மறந்துவிட்ட மீன் ரோல்கள் மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த ரயில் வரும்வரை கடையில் ஒரு செக்கச்சிவந்த சொசேஜ் வாங்கித் தின்றேன். நிறம் மட்டும்தான், ருசியில் ஒன்றுமில்லை.

வயலற் நிலையத்தில் காத்திருந்தாள். நாற்பது தாண்டிய, உயரமான, வேகமாக நடக்கிற பெண். "அங்கிள், அடுத்த ரயிலிலதான் வருவீங்கள் எண்டு நினைச்சன். கனபேர் ஓடென்சேயில இப்பிடித்தான் இறங்கிறவை" என்றாள். ஆறுதலுக்குச் சொன்னாளோ தெரியாது, நான் நம்பிவிட்டேன்.

வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் சுவரில் மாதா படம், அதன் பக்கத்தில் சட்டம் போட்ட கர்னல். நரைத்த மீசை, சீருடை. கீழே செயற்கைப் பூ. தான் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது இந்த மனிதர் தன்னை மடியில் வைத்திருந்தார் என்றாள் வயலற். காரின் பின் இருக்கையில், வழி முழுக்க, தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து. தாய் சாகும்வரை இந்தக் கதையைச் சொன்னாராம். வயலற் என்ற பெயரும் கர்னலின் மனைவியின் பெயர்தான். கலவரத்தால் ஞானஸ்நானம் பிந்தியதில், வைக்க இருந்த பெயரையே மாற்றிவிட்டார்கள்.

மாலை ஐந்தரைக்கே சாப்பாட்டு மேசை. இந்த நாட்டில் பசிக்குக்கூட ஒரு நேரம் உண்டு. அருளப்பு வைலேயிலிருந்து தன் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். எழுபது தாண்டிய மெலிந்த மனிதர், இஸ்திரி போட்ட சட்டை. நான் வாசலுக்குப் போகுமுன் அவர் எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். யார் வீட்டில் யார் விருந்தாளி என்று ஒரு கணம் குழம்பினேன். மன்னார்க்காரர் வீட்டு மீன் குழம்பு, அதோடு அவித்த உருளைக்கிழங்கு. சோறு எங்கே என்று கேட்க மரியாதை இடம் கொடுக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் அத்தியாயத்தை அவருக்குத் தமிழில் சொன்னேன். மூன்றாம் பகுதியின் நடுக்கட்டம் அது. ஊரடங்கு. தெருவெல்லாம் புகை. தூதர் தன் காரில் கொடியைப் பறக்கவிட்டு, பின் இருக்கையில் அமர்ந்து, சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய்ச் சாரதியின் குடும்பத்தை ஏற்றி வந்தார். கொடியோடு அந்தப் பகுதிக்குள் ஏன் போனீர் என்று வெளியுறவு அதிகாரிகள் கேட்டபோது, "ஆம், காரில் நான்தான் இருந்தேன்" என்று எழுதிக் கொடுத்தார். அதற்காகவே லண்டன் அவரைத் தவணைக்கு முன்பே திருப்பி அழைத்தது. அதோடு உத்தியோகம் முடிந்தது. அருளப்பு தலை குனிந்து கேட்டார். தாளை நீட்டினேன். பேனாவைத் தொடவில்லை.

"எனக்குக் கண் மங்கல், தம்பி. நாளைக்குப் பாப்பம்" என்றார்.

வயலற் வெடித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் டேனிஷ். தகப்பன் தமிழில் இரண்டு சொல் சொல்ல, அவள் டேனிஷில் இருபது சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று அவரிடம் கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றார். நான் நீதிமன்றத்தில் இப்படி மொழிபெயர்த்திருந்தால் அன்றைக்கே துரத்தியிருப்பார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழிலேயே சொன்னாள். "செத்தவீட்டுக்கு வரச்சொல்லி ஹெலன் அன்ரி டிக்கட் அனுப்பினவ. கோயிலில எழும்பி நிண்டு ரெண்டு வார்த்தை கதைக்கச் சொன்னவ. இவர் போகேல்லை. அந்த மனுசன் இல்லாட்டி நான் இல்லை, அம்மா இல்லை. உத்தியோகத்தையும் விட்டார். இவருக்கு ஒரு கையெழுத்துப் போடக் கை வருகுதில்லை. என்ர அப்பா இவ்வளவு நன்றி கெட்டவர் எண்டு எனக்குத் தெரியாது."

அருளப்பு எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனார். ஒவ்வொரு கோப்பையாகக் கழுவித் துடைத்து அடுக்கினார். போகும்போது மகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு மாதமாக வீட்டில் இதே நிலைமையாம். அவசியம் என்றால் மட்டும் கதை. பொதியை அப்போதே எடுத்துக் கொடுத்திருக்கலாம், என் சட்டம் இடம் தரவில்லை.

மறுநாள் காலை அவரே வந்து, வைலேயைக் காட்டுகிறேன், ஏறுங்கள் என்றார். முன்கதவைத் திறக்கப் போனேன். அவர் ஓடி வந்து பின்கதவைத் திறந்தார். "முன்னுக்கு வேண்டாம் தம்பி. பக்கத்தில ஆள் இருந்தா எனக்குக் கை ஓடாது." தலை இடிக்காமல் மேலே ஒரு கையை வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் முகத்தில் முட்டுகிற அந்தக் குட்டிக் காரில் மந்திரி மாதிரிப் பின்னால் குந்தியிருந்து வைலே போனேன். சந்தியில் நின்ற போக்குவரத்துப் பொலிஸ்காரி என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

வைலே கடல் உள்ளே புகுந்த ஊர். குடாவின் இரண்டு பக்கமும் மரம் மூடிய குன்றுகள், உயரத்தில் ஒரு நீளப் பாலம். இருபத்தெட்டு வருடம் இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் பன்றிக் கால் வெட்டினேன் என்று, ஒரு கோயிலைக் காட்டுகிற மாதிரி ஒரு கட்டடத்தைக் காட்டினார். அவர் இருக்கும் குடியிருப்பின் புல்வெளியில் ஒரு வெள்ளைக் கொடிக்கம்பம். குடியிருப்பவர்களின் பிறந்தநாளுக்குக் கொடி ஏற்றுவது வழக்கம். ஏற்றுகிற பொறுப்பு அருளப்புவுடையது, சங்கம் கூடித் தந்ததாம். அன்று கீழ்வீட்டு மூதாட்டிக்கு எண்பது. மடித்த கொடியைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரிக் கொண்டு வந்தார். ஒரு முனையை நான் பிடித்தேன். பிடித்த இலட்சணத்தில் அது புல்லில் பட்டுவிட்டது.

"நிலத்தில பட்ட கொடியை எரிக்கவேணும் எண்டு சொல்லுவினம் தம்பி. ஒருத்தரும் காணேல்லை, விடுங்கோ" என்று மெதுவாக வாங்கிக்கொண்டார். ஜன்னலில் மூதாட்டி கை காட்டினார். சூரியன் மறையுமுன் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு விழும் என்றார். எல்லா ஊரிலும் கொடிக்கு ஒரு சட்டம் இருக்கிறது, தூதரின் காருக்கும் ஒன்று இருந்தது என்றார். பிறகு கம்பத்தடியில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்தார். அன்றைய கதையை நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

தூதரின் காரில் முன்பக்கம் சின்னக் கொடி. தூதர் காருக்குள் இருந்தால்தான் அது பறக்கலாம். அவர் இறங்கிய அடுத்த நிமிடம் சாரதி கொடியைச் சுருட்டி உறை போட வேண்டும். கொடி பறந்தால் துரை உள்ளே, உறை போட்டால் கார் வெறும் கார். இதுதான் சட்டம், பொலிஸுக்கும் இராணுவத்துக்கும் தெரியும். ஏழு வருட வேலையில் அருளப்பு ஒருநாள்கூட இதில் பிழை விட்டதில்லை.

அன்று கர்னல் வேறொரு தூதரின் காரில் கூட்டத்துக்குப் போயிருந்தார். கார் தூதரின் வீட்டில் நின்றது. மதியம் தெகிவளையிலிருந்து தொலைபேசி. மனைவி இருந்த ஒழுங்கையின் முதல் வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள்.

"நான் ஆரையும் கேக்கேல்லை தம்பி. உறையைக் கழட்டிப் போட்டு ஓடினன். பின்சீற் வெறுமை. கண்ணாடிக்குத் திரைச்சீலை இருந்தது, இழுத்து விட்டன். சாவடியில பொலிஸ்காரன் கொடியைக் கண்டு சல்யூட் அடிச்சான். வெறும் சீற்றுக்கு அடிச்சான். திரும்பி வரேக்க ஒரு இடத்தில கூட்டம் மறிச்சு, அவங்களும் கொடியைக் கண்டு விலத்தினாங்கள்."

அன்று பின்னேரம் கர்னலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாராம். கர்னல் கேட்டுவிட்டு, வெறும் காரில் கொடி ஏற்றியது பெரிய குற்றம், உன்னைப் பிடித்துப் போவார்கள், இந்த நேரத்தில் பிடித்துப் போனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும் என்றாராம். இனிமேல் காரில் நான் இருந்தேன், நீயும் உன் மனைவியும் இதை யாரிடமும் சொல்லக் கூடாது. மறுநாள் அப்படியே எழுதிக் கொடுத்தார். கழற்றிப் போட்ட உறையை அருளப்பு தேடினால் காணவில்லை. எங்கோ தெருவில் விழுந்திருக்கும் என்று நினைத்தாராம். அது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. வயதாகிறது.

"மகள் சொல்லுறது சரி, துரை இல்லாட்டி நாங்கள் இல்லை. சும்மா இருக்கிறது வேற தம்பி, நாப்பது வருசம் சும்மா இருந்திட்டன். கோயிலுக்குள்ள எழும்பி நிண்டு பொய் சொல்ல எனக்கு ஏலாது. அதுதான் போகேல்லை. உண்மையைச் சொன்னா, பொய்யே சொல்லாத மனுசன் எண்டு மகள் எழுதுற புத்தகத்தில அவர் பொய்யனாப் போவார். எனக்காகச் சொன்ன ஒரே பொய். நான் என்ன செய்யலாம், நீங்கள் சொல்லுங்கோ."

இருபத்தைந்து வருடமாகக் கைதிகளும் அகதிகளும் என்னிடம் இதையே கேட்டிருக்கிறார்கள். அப்போது சொன்ன பதிலையே சொன்னேன். நான் மொழிபெயர்ப்பாளன், புத்தி சொல்வதில்லை. சொல்லிவிட்டு வெட்கப்பட்டேன். ஒரு மனிதர் தன் நெஞ்சைத் திறந்து வைக்க, நான் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். அவர் தலையை ஆட்டி, "ஓம், அதுவும் சரிதான்" என்றார். கொடி நன்றாகப் பறக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு எனக்குப் பின்கதவைத் திறந்தார்.

பிரெடெரிசியாவில் வயலற் மதியச் சாப்பாடு வைத்திருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை. அருளப்பு செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு நேரே மேசைக்குப் போனார். "தம்பி, அந்தத் தாளைத் தாங்கோ." ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றாக, பள்ளிப் பிள்ளை மாதிரிக் கையெழுத்துப் போட்டார். வயலற் தகப்பனின் தோளில் கை வைத்தாள். "இதை முதலே செய்திருக்கலாமே அப்பா" என்றாள். குரல் இளகியிருந்தது. அவர் சிரித்தார். மகள் பேசிவிட்டாள் என்ற சந்தோசம் ஒரு பக்கம். மறுபக்கம் அந்தத் தாளை அவர் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்குத் தெரியும். கையெழுத்து வாங்கத்தானே வந்தேன், வாங்கிவிட்டேன், அதைப்போல ஒரு கேவலமான வெற்றி என் வாழ்க்கையில் இல்லை.

பிறகுதான் பொதியின் நினைப்பு வந்தது. ஹெலன் தந்தது என்று நீட்டினேன். பழுப்புத் தாளைக் கிழிக்காமல் பிரித்தார். கறுப்புத் தோல் உறை வெளியே வந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"இது எங்க கிடந்தது?"

கர்னலின் லாச்சியில், பதக்கங்களோடு என்றேன். அவர் உறையின் வாரைத் தடவிப் பார்த்தார். கொடிக்குப் போடுமுன் உள்ளே தூசி இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பது பழைய பழக்கம் போலும், விரலை விட்டார். இறுக்கிச் சுருட்டிய ஒரு கடதாசி வந்தது. ஆங்கிலம். மூக்குக் கண்ணாடி இல்லாததால் என்னிடம் தந்தார். நீதிமன்றத்தில் நிற்கிற மாதிரி எழுந்து நின்று, கூட்டாமல் குறைக்காமல் தமிழில் வாசித்தேன்.

"அருளப்புவுக்கு. அன்று காரில் நான் இருக்கவில்லை. நீ என்னைக் கேட்காமல் கொடியைத் திறந்தாய். கேட்டிருந்தால், கூடாது என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டதற்கு நன்றி. நான் போன பிறகு உன் மகளிடம் சொல்."

கீழே கையெழுத்து. பதவி, பட்டம் ஒன்றும் இல்லை, வெறும் பெயர்.

வயலற் டேனிஷில் ஏதோ கேட்டாள். பிறகு தமிழில் கேட்டாள். "அப்ப அம்மாவுக்குப் பக்கத்தில ஆர் இருந்தது?"

"ஒருத்தரும் இல்லை பிள்ளை. உன்ர பால் போத்தல் இருந்தது."

அவள் சுவரில் இருந்த கர்னலைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள். நாற்பது வருடம் தன்னை மடியில் வைத்திருந்த மனிதர் எழுந்து போய்விட்டார் என்பதை விளங்கிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நேற்று நன்றி கெட்டவர் என்று சொன்ன வாய் அது. அருளப்பு அவள் தலையைத் தடவியபடி, பரவாயில்லை, சாப்பாடு ஆறுது என்றார்.

கையெழுத்துப் போட்ட தாளை நானே நாலாகக் கிழித்தேன். ஹெலனை அழைத்துக் கடதாசியை வாசித்துக் காட்டினேன். பிறகு, அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டும், அருளப்பு தன் வாயால் சொல்லச் சம்மதிப்பாரா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ. இன்னொண்டு கேளுங்கோ தம்பி. இந்த உறை தூதரகத்துச் சாமான். திருப்பிக் குடுக்கவேணுமோ?"

மொழிபெயர்த்தேன். மறுமுனையில் அந்தப் பெண்மணி சிரித்தாரா அழுதாரா என்று சொல்லத் தெரியவில்லை. உங்களுடையது, பெயர் எழுதியிருக்கிறதே என்றார்.

நாலு மணி ரயிலுக்கு என்னைக் கொண்டுபோய் விட வேண்டும். வழக்கம்போல அருளப்பு முந்திப் போய்ப் பின்கதவைத் திறந்து, மேலே கையை வைத்து எனக்காக நின்றார். வயலற் அவர் கையிலிருந்து சாவியை வாங்கினாள். கதவையும் வாங்கி, அவர் நின்ற இடத்தில், அவர் நின்ற மாதிரியே நின்றாள்.

"ஏறுங்கோ அப்பா."

"நான் பின்னுக்கு இருக்கிறேல்லை பிள்ளை, தெரியுந்தானே."

"தெரியும். ஏறுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் புத்தி சொல்வதில்லை. முன்கதவைத் திறந்து பேசாமல் ஏறி உட்கார்ந்தேன். கடைசியில் அவரும் குனிந்து ஏறினார். மகள் தகப்பனின் தலை இடிக்காமல் மேலே கையை வைத்துக்கொண்டாள். கோயிலுக்கு வந்தவர் மாதிரி இரண்டு முழங்காலையும் ஒட்டி, உறையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வயலற் காரை மெதுவாக எடுத்தாள். கொடி ஒன்றும் இல்லை. பின்னால் ஆள் இருந்தார்.